கலேவெலவுக்குப் போகாத லொறி

கலேவெல டீமிடம் நாங்கள் தோற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்தளைப் பக்கத்துப் பழைய உதைபந்தாட்டக் கதைகளை யாராவது எடுத்து, "உங்க தோட்டத்து டீம அடிச்சுட்டுத்தானே கலேவெலக்காரன் ஏ டிவிசனுக்குப் போனான்?" என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அடிக்கவில்லை ஐயா! அடி வாங்குவதற்காவது நாங்கள் அங்கே போயிருக்க வேண்டுமே. போகவே இல்லை. ஏன் போகவில்லை என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று ஒன்பது வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வாய்விட்டுச் சொன்னதற்குத்தான் ஸ்டோர் வாசலில், அத்தனை பேர் பார்க்க, கன்னத்தில் ஓர் அறை வாங்கினேன்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. பலாபத்வல சந்தியிலிருந்து உள்ளே ஏறிப்போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் போல எங்கள் ஆட்களுக்குப் பொழுது சாயும்வரை வேலை கிடையாது. விடியுமுன் எழுந்து போய்ப் பால் வெட்டி, சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்து, மத்தியானத்துக்குள் ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டால் அன்றைய பாடு தீர்ந்தது. அதற்குப் பிறகு ஆண்கள் எல்லோரும் ஸ்டோர் படிக்கட்டில் உட்கார்ந்து செய்தது ஒரே வேலைதான், உதைபந்தாட்டம் பேசுவது. கையில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை உரித்து உருட்டிக்கொண்டே பேசுவார்கள். நல்ல சண்டை நடந்த நாளில் படியெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் உருண்டையாகக் கிடக்கும்.

அந்த வருடம் சண்டைக்குக் குறைவில்லை. மாவட்ட லீக்கில் நாங்கள் பி டிவிசன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பி டிவிசன்தான். அதற்கு முந்தைய வருடம் கிண்ண இறுதியாட்டம்வரை போய், டவுன் டீமிடம் ஒரு பெனால்டியில் தோற்றிருந்தோம். அது பெனால்டியே இல்லை என்று நிரூபிப்பதற்காக அப்பா ஒரு வருடமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். யாரையாவது பிடித்துப் படியில் நிறுத்தி, கையை இப்படி வை, அப்படி வை என்று வைத்து, "இப்ப சொல்லு. பந்து கையில பட்டுச்சா, கை பந்துல பட்டுச்சா?" என்று கேட்பார். பந்துதான் கையில் பட்டது என்று சொன்னால்தான் அந்த ஆள் கையை இறக்க முடியும்.

அப்பாவுக்குப் புகைக்கூட்டில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போடுகிற வேலை. டீமுக்கு மேனேஜரும் அவர்தான். கேப்டன் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. முன்வரிசையில் ஆடுவார். அவர் காலில் பந்து வந்துவிட்டால் கோயில் தலைவர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரம் ஓடுவார்.

கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நிலைமை இதுதான். நாங்கள் முதலிடம். கலேவெல எங்களுக்கு ஒரேயொரு புள்ளி பின்னால். கடைசி ஆட்டம் அவர்களோடு, எங்கள் தோட்டத்து மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை. டிரா ஆனாலே நாங்கள் ஏ டிவிசனுக்குப் போய்விடுவோம். முதலாவதாக வருகிற டீம் மட்டும்தான் மேலே போகும்.

"டிரா போதும்டா. பத்துப் பேரும் கோல் வாசல்ல போய் நில்லுங்க. மழை பேஞ்சாலும் இடி விழுந்தாலும் நகராதீங்க" என்றார் அப்பா.

"அப்படி நிக்கிறதுக்குப் பத்து ரப்பர் மரத்த நட்டு வச்சிருங்க மச்சான். நாங்க எதுக்கு?" என்றார் மாமா.

படிக்கட்டு இரண்டாகப் பிரிந்தது. மேல்படிக்காரர்கள் டிரா கட்சி, கீழ்படிக்காரர்கள் அடிக்கிற கட்சி. இரண்டுக்கும் நடுவில் கோயில் தலைவர் உட்கார்ந்து, பேசுகிறவன் பக்கமெல்லாம் தலையாட்டுவார். நான் மாமா கட்சி. அந்த லீக்கில் யார் யாரை எத்தனைக்கு அடித்தார்கள் என்பது முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆண்கள் மறந்துபோய் முழித்தால் நான்தான் எடுத்துக்கொடுப்பேன். எடுத்துக்கொடுத்த மறு நிமிடமே, "பொட்டப்புள்ளைக்கு இங்க என்னா வேல? போடி காம்பராவுக்கு" என்று லயத்து வரிசையில் இருந்த எங்கள் ஒற்றையறை வீட்டுக்கு விரட்டுவார்கள். என்ன நியாயம் இது! கணக்குக்கு நான் வேண்டும், படிக்கட்டில் உட்கார நான் கூடாதாம்.

அம்மாவுக்குப் பந்தாட்டத்தில் அக்கறையே கிடையாது. தம்பி கேப்டன், புருஷன் மேனேஜர், மகள் கணக்கப்பிள்ளை. ஆனாலும் எந்தப் பக்கம் எங்கள் கோல் என்றுகூட அவளுக்குத் தெரியாது. மாமா கோல் போட்டுவிட்டு வந்து சொன்னால், "அடிபட்டுச்சா?" என்று மட்டும் கேட்பாள்.

லீக் அந்த வருடம் இழுத்துக்கொண்டே போனது. ஊரடங்கு போட்டால் ஆட்டம் தள்ளிப்போகும். ஹர்த்தால் என்றால் தள்ளிப்போகும். பள்ளிக்கூடம் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஒரு பக்கம், அரசாங்கத்தை எதிர்த்து இரவோடு இரவாக மரத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள். இன்னொரு பக்கம், நம்பர் இல்லாத வாகனத்தில் பட்டப்பகலில் வருகிறவர்கள். இளவட்டப் பையன்களைத் தேடித்தான் இரண்டு பக்கமும் வந்தது. எனக்கு இதெல்லாம் ஆட்டத்தைத் தள்ளிப்போடுகிற தொந்தரவாக மட்டுமே தெரிந்தது. மழையைத் திட்டுகிற மாதிரி நான் ஊரடங்கைத் திட்டினேன்.

அம்மாவுக்கு அப்போது கொடுத்திருந்தது ரோட்டோர மலை. எங்கள் பேச்சில் மலை என்றால் வேலைக்காடு. கடைசி வரிசை மரத்தில் நின்று பால் வெட்டினால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ரோடு கீழே பளிச்சென்று தெரியும். சில காலைகளில் அம்மா வாளியோடு திரும்பி வந்து, ஒரு வாய் சாப்பிடாமல், குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவி உட்கார்ந்திருப்பாள். என்னம்மா என்றால், "பால் மணம் கொமட்டுதுடி" என்பாள். அந்த மணத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அப்போதுதான் குமட்டியதாம்!

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் அம்மாவோடு மலைக்குப் போயிருந்தேன். ரோட்டில் ஒரு லொறி வந்து நின்றது. எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட் ஏற்றுகிற லொறி. அதன் சொந்தக்காரர் பலாபத்வல சந்தியில் இருந்த ஒரு முஸ்லிம் மனிதர். எல்லோருக்கும் அவர் நானாதான்; அவருக்கு அப்பா தம்பி, அம்மா தங்கச்சி. டவுனுக்குப் போய் வருகிறவர் என்பதால் லீக் செய்தியெல்லாம் அவர் வாயிலாகத்தான் எங்களுக்கு வரும். டீம் வெளியூருக்கு ஆடப் போனால் அதே லொறியில்தான் போகும்.

நானா இறங்கி மேட்டில் பாதி ஏறி வந்தார்.

"தங்கச்சி, தம்பிக்கிட்ட சொல்லிருங்க. ஞாயிற்றுக்கிழம ஆட்டம் இங்க இல்லையாம். தோட்டத்துல கூட்டம் போட ஏலாதாம். கலேவெலக்கு மாத்திட்டாங்க. போகாட்டி புள்ளி அவனுக்குப் போயிரும்."

அம்மா கத்தியை மரத்திலிருந்து எடுக்காமலே நின்றாள்.

"கலேவெலக்கா? உள்ரோடு மூடிக் கெடக்கு. நாவுல, தம்புள்ள எல்லாம் தாண்டிப் போகணுமே. ரோடு எப்படி நானா?"

"ரோடா... முந்தாநேத்து நாவுலவுக்கு இந்தப் பக்கம்..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "புள்ள நல்லா வளந்துட்டா" என்றார். பிறகு குரலை இறக்கி, "லொறி கேட்டா நான் கொண்டுதான் வரணும் தங்கச்சி. மாட்டேன்னு நான் எப்படிச் சொல்ற?" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

நாவுலவுக்கு இந்தப் பக்கம் என்ன என்று எனக்குத் தலை வெடித்தது. பெரியவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு, முழுக்கதையையும் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டுப் பிள்ளையைக் கண்டதும் விழுங்கிவிடுவது. நான் அப்பாவிடம் சொல்ல ஓடப் பார்த்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

சரி, சேதி சொல்கிற பெருமை அவளுக்கு வேண்டியிருக்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை எங்கள் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. வருடா வருடம் திருவிழா அப்படித்தான் தொடங்கும். கரகம் தூக்குகிறவர், காவடி எடுக்கிறவர், பால்குடம் எடுக்கிறவர் எல்லோருக்கும் பூசாரி வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்து நூல் கட்டுவார். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை மச்சம் மாமிசம் கிடையாது, சாவு வீடு கிடையாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. யார் கூப்பிட்டாலும், எது கெட்டாலும் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டுக்கு எங்கள் தோட்டத்தில் துரை உத்தரவைவிட மரியாதை அதிகம்.

அம்மா நேரே தலைவர் முன்னால் போய் நின்றாள். கூட்டத்தில் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"தலைவரே, ஒரு நேர்த்தி. டீம் மேல போகணும்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். டீம்ல உள்ளவங்க எல்லாரும் பால்குடம் எடுக்கணும். இன்னைக்கே காப்புக் கட்டிருங்க."

தலைவருக்கு வாயெல்லாம் பல். ஊர் கெட்டுக் கிடந்ததில் அந்த வருடம் பால்குடத்துக்கு ஆளே சேரவில்லை. இப்போது ஒரு டீமே சேர்கிறது. மாமாதான் முனகினார்.

"அக்கா, ஞாயித்துக்கிழம ஆட்டத்த வச்சுக்கிட்டு மரக்கறி தின்னுட்டு ஓடச் சொல்றியா?"

"ஒரு வாரம் கறி இல்லாட்டி செத்துப் போக மாட்ட. கைய நீட்டு."

மாமா கையை நீட்டினார். அம்மா பக்கத்திலேயே நின்று நூலை ஒவ்வொன்றாகப் பூசாரியிடம் எடுத்துக்கொடுத்தாள். கோல் கீப்பர் வரவில்லை என்றதும் லயத்துக்கு ஆளனுப்பிக் கூட்டிவரச் செய்தாள். பதினோரு பேருக்கும் கட்டி முடித்துப் பூசாரி எழுந்திருக்கப்போனபோது, "சாமி, மாத்து ஆளுங்க ரெண்டு பேரு இருக்காங்களே, அவங்களுக்கும்" என்றாள். கோல் எந்தப் பக்கம் என்று தெரியாதவளுக்கு மாற்று ஆட்டக்காரர்களைத் தெரிந்திருந்தது! நான் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, கலேவெல ஆட்டத்துக்கு அம்மன் விசேஷ அனுமதி ஏதும் வைத்திருப்பாள் போலும் என்று நினைத்தேன். அம்மா சேதியைச் சொல்லியிருப்பாள், பெரியவர்கள் யோசித்திருப்பார்கள் என்று மனதார நம்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் நானா ஷீட் ஏற்ற வந்தார். படிக்கட்டில் டிரா கட்சியும் அடிக்கிற கட்சியும் உச்சத்தில் இருந்த நேரம்.

"தம்பி, நாளைக்கு லொறி எத்தன மணிக்கு வேணும்?" என்றார்.

"எதுக்கு நானா லொறி?" என்றார் அப்பா.

"கலேவெலக்குப் போறதுக்குத்தான்."

ஆட்டம் மாறிய சேதி அப்போதுதான் வெளியில் வந்தது. படிக்கட்டே எழுந்து நின்றது. அப்படியென்றால் அம்மா சொல்லவே இல்லை! தெரிந்துகொண்டேதான் அத்தனை பேருக்கும் எல்லை கட்டியிருக்கிறாள்!

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம் மாதிரி ஒன்றை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. காப்பை அவிழ்த்துவிடலாம் என்றான் ஒருவன். உன் கையிலிருந்தால் அவிழ்ப்பாயா என்று நாலு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். எல்லை என்பது அம்மனுக்கா தோட்டத்துக்கா என்று ஒருவர் கேட்டார். அம்மன் உலகத்துக்கே தாய் என்றால் கலேவெல மட்டும் யாருடையது என்றார். கடைசியில் கீழ்படியிலிருந்து ஒரு யோசனை வந்தது.

"நம்ம தோட்டத்து மண்ண அள்ளி லொறியில கொட்டுவோம். பசங்க அது மேலேயே நிக்கட்டும். கால் நம்ம மண்ணுல இருந்தா எல்லை தாண்டுன மாதிரி ஆகுமா?"

"சரி, கலேவெல கிரவுண்ட்ல எறங்கணுமே?"

"சப்பாத்துக்குள்ள மண்ணப் போட்டுக்கிட்டு ஆடட்டும்."

"சப்பாத்து இருக்கிறது ஆறு பேருக்குத்தானேப்பா!"

சிரிக்காதீர்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். மண் என்றால் அதில் அம்மன் காலடி பட்ட இடத்து மண்ணாக இருந்தால் நல்லது என்று மெதுவாக ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. ஒரு கூடை மண்ணில் ஏ டிவிசன் கிடைக்கப் போகிறது!

அப்போதுதான் அம்மா பால் அளந்துவிட்டு வெறும் வாளியோடு வந்தாள்.

"ஆத்தாக்கிட்ட வெளையாடாதீங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

எல்லோரும் அவள் மேல் திரும்பினார்கள். நேர்த்தி வைக்க இவளுக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா, பந்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும், டீமுடைய தலையில் மண்ணைப் போட்டுவிட்டாளே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்! பச்சைப் பொய்! நான் படியில் ஏறி நின்று கத்தினேன்.

"தெரிஞ்சுதான் செஞ்சாங்க! நேத்து காலையிலயே நானா அம்மாக்கிட்ட சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். கள்ள நேர்த்திக்கு ஆத்தா ஒண்ணும் செய்ய மாட்டா. காப்ப அவுத்துட்டுப் போங்க!"

அவ்வளவு சத்தம் போட்ட கூட்டம் ஒரே அடியாக அடங்கியது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பா நானாவிடம் கேட்டார்.

"நேத்து சொன்னீங்களா நானா?"

நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார்.

"நேத்தா? நேத்து நான் இந்தப் பக்கமே வரல்லையே தம்பி. புள்ள கனவு கண்டிருக்கு."

ஐந்து வேளை தொழுகிற மனிதர்! நான் மூச்சு விடாமல், "நீங்க மேட்டுல ஏறி வந்தீங்க, நாவுலவுக்கு இந்தப் பக்கம்னு சொன்னீங்க, நான் வளந்துட்டேன்னு சொன்னீங்க" என்று அடுக்கினேன். நாவுல என்ற பெயர் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை.

"பொய் சொல்ற வாய் இது. இனிமே தொறந்த..."

நான் மாமாவைப் பார்த்தேன். சீசன் முழுவதும் அடிக்க வேண்டும் அடிக்க வேண்டும் என்று கத்திய மாமா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் படியில் உட்கார்ந்து கையிலிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தார். "விடுங்க மச்சான், சின்னப்புள்ள" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "காப்புன்னா காப்புத்தான். போகல" என்றார்.

தலைவருக்கும் மண் யோசனை மறந்துபோயிற்று. ஆமாம் ஆமாம், தெய்வக் காரியத்தில் குறுக்கு வழி கூடாது என்றார். நானா மிச்ச ஷீட்டை ஏற்றாமலே லொறியைத் திருப்பிக்கொண்டு போனார். பெனால்டிக்கு ஒரு வருடம் சண்டை போட்ட கூட்டம், ஏ டிவிசனை இரண்டு நிமிடத்தில் கைகழுவிவிட்டு அவரவர் லயத்துக்குப் போனது. அத்தனை பேரும் எனக்கு எதிராக ஒன்றுசேர்ந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எப்போது பேசி வைத்துக்கொண்டார்கள்? ஒரு கண்ணசைவுகூட நான் பார்க்கவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிற நேரத்தில் டீம் எங்கள் மைதானத்தில்தான் இருந்தது. கையில் மஞ்சள் நூலோடு தங்களுக்குள்ளேயே பிரிந்து பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாமார்கள் எல்லோரும் மைதானத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாதாரண நாளில் ஒருத்தியும் எட்டிப் பார்க்க மாட்டாள். அன்று யார் கோல் போட்டாலும் இரண்டு பக்கமும் சிரித்தது. எனக்கு வயிறெரிந்தது. கலேவெலவுக்கு ஆடாமலே புள்ளி கிடைத்தது. அவர்கள் ஏ டிவிசனுக்குப் போனார்கள்.

போய் அங்கே ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்பது வேறு கதை. அடுத்த சீசன் என்று ஒன்று வரவே இல்லை. கலேவெல டீமில் யார் யார் மிஞ்சினார்கள் என்பதை விசாரிக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அம்மா அந்தக் கடைசி வரிசை மரத்தில் நின்று விடிகாலையில் ரோட்டில் எதைப் பார்த்தாள் என்பதை, எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் ஒருநாள் சொன்னாள். அதையும் முழுக்கச் சொல்லவில்லை; கிடந்தவர்களுக்கு உன் மாமா வயசுதான் இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒரே லொறியில் பதிமூன்று இளவட்டப் பையன்கள், அந்த ரோட்டில், அந்த மாதத்தில். நிறுத்துகிறவன் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் ஒன்றுதான். போக வேண்டாம் என்று ஓர் ஆண் வாய்விட்டுச் சொன்னால் கோழை என்பார்கள். அது போனால் போகட்டும். ஏன் வேண்டாம், என்ன பார்த்தாய், யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கு ஆள் வரும். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு லொறி ஏறவும் தயாராக இருந்தார்கள். பந்தின் நிறம்கூடத் தெரியாத ஒரு பொம்பளை, ஊர்த் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு அவர்கள் கையில் ஒரு நூலைக் கட்டினாள். திருவிழா முடிந்த பிறகும், ஏன் அவள் சாகிறவரையும்கூட, "டீமக் கெடுத்தவ" என்று அவளைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. அதில் இரண்டு பேர் அன்று காப்புக் கட்டியவர்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கை துருதுருக்கிறது.

ஆனால் அந்த வாரம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் உண்மை சொன்னேன், அடி வாங்கினேன் என்பதுதான். மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. தலைவாரக் கூப்பிட்டாலும் போகவில்லை. சிக்குப் பிடித்துப் பேன் பெருகியதும் அவளே என்னை இழுத்து முன்னால் உட்கார வைத்தாள். சீப்பு முடியில் மாட்டி இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. அந்தச் சாக்கில் நன்றாகவே அழுதேன்.

"நான் பொய் சொன்னேனாம்மா? நீங்க சொல்லுங்க. நான் பொய் சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப அப்பாக்கிட்ட சொல்லுங்க."

"அப்பாவுக்குத் தெரியும்."

"மாமாக்கிட்ட?"

"எல்லாருக்கும் தெரியும்டி" என்றாள் அம்மா. "நீ சொன்ன அந்த நிமிசமே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். சீப்பு என் முடியிலேயே தொங்கியது.

"பின்ன எனக்கு எதுக்கு அடி?"

அம்மா என் தலையை மறுபடி முன்பக்கம் திருப்பினாள். கன்னத்தில் அப்பாவின் விரல் பட்ட இடத்தைப் புறங்கையால் ஒருமுறை தடவினாள்.

"சத்தமாச் சொல்லிட்டியே" என்றாள்.

இது ஒரு பதிலா? எல்லோருக்கும் தெரியுமாம், ஆனாலும் போக மாட்டார்களாம். அப்படியென்றால் பயம்தான், வேறென்ன? எங்கள் அப்பாவும், மாமாவும், தலைவரும், நானாவும், பதிமூன்று ஆட்டக்காரர்களும் கலேவெல டீமுக்கு அந்த அளவு பயந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்கும் சேர்த்து நான் வெட்கப்பட்டேன்.